கிளம்ப மறுக்கும் பழைய பைக்: கழுவுவதா, கிட் போடுவதா, கார்ப்ரேட்டரையே மாற்றுவதா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விதான் வரும். வண்டி பத்துப் பதினைந்து வருடத்து ஸ்ப்ளெண்டர், பேஷன், டிஸ்கவர் அல்லது எக்ஸ்.எல். சூப்பர். காலையில் கால் வலிக்க உதைத்தால்தான் கிளம்புகிறது. சோக் (குளிரில் கிளம்பப் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஒரு பட்டறையில் "கழுவி விட்டாப் போதும்" என்கிறார்கள். அடுத்த பட்டறையில் "கிட்டு போடணும்ணே" என்கிறார்கள், அதாவது கார்ப்ரேட்டரின் ஊசி, ரப்பர் உதிரிகள் அடங்கிய பொட்டலம். மூன்றாவது ஆள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கார்ப்ரேட்டரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "இது போச்சு, புதுசு வாங்கிட்டு வாங்க" என்கிறார்.

மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான். உங்கள் வண்டிக்கு எது என்பது பெட்ரோல் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதைப் பொறுத்தது. யாரும் பேச்சுக்கே எடுக்காத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது: டேங்க். வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, டேங்கைத் திறந்து பார்க்காமல் கார்ப்ரேட்டரில் கை வைப்பதால்தான் போகிறது.

இங்கே சொல்வதெல்லாம் கார்ப்ரேட்டர் வண்டிகளுக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு வாங்கியது என்றால் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருக்கும். அதில் கார்ப்ரேட்டரே இருக்காது. அதன் நோய் வேறு, மருந்து வேறு.

## எதை வைத்து முடிவெடுப்பது?

ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும்.

1. பெட்ரோல் எங்கே நிற்கிறது: டேங்கிலா, காக்கிலா (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), கார்ப்ரேட்டர் குண்டிலா (அதன் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணம்), ஜெட்டிலா (பெட்ரோல் அளவாகப் போகும் பித்தளைத் துளை)?
2. கார்ப்ரேட்டர் அழுக்காகியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா? அழுக்கு என்றால் கழுவலாம். தேய்மானத்தைக் கழுவ முடியாது.
3. டேங்கில் துருவோ தண்ணீரோ இருக்கிறதா?
4. வண்டி எத்தனை நாள் நிற்கலாம்? அறுப்பு நேரத்தில் இரண்டு நாள் நிற்பது வேறு, ஆடியில் நிற்பது வேறு.
5. இன்னும் எத்தனை வருடம் ஓட்டப்போகிறீர்கள்? 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர் கம்பெனி கார்ப்ரேட்டருக்குச் செலவழிப்பதில் பொருளில்லை.

முதல் மூன்றையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

பிளக். பத்துப் பன்னிரண்டு உதை உதைத்தும் கிளம்பாத நிலையில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் கூடுதலாக வருகிறது, இல்லையென்றால் தீப்பொறி இல்லை. தீப்பொறி பார்க்கும்போது பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடியுங்கள், பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமாகப் பளிச்சென்று வராமல் சிவந்து மெலிந்து வந்தால் கார்ப்ரேட்டரை விட்டுவிட்டு பிளக், பிளக் கேப், காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) என்று போங்கள்.

ஓட்டம். பெட்ரோல் டியூபைக் கார்ப்ரேட்டர் பக்கம் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுக் காக்கைத் திறங்கள். ஒரு நிமிடத்தில் 150, 200 மி.லி. தங்குதடையின்றி விழ வேண்டும். முதலில் நன்றாக விழுந்து பிறகு சொட்டினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஓட்டம் பிடித்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத வேலை. மூடி திறந்தும் சொட்டினால் காக்கின் சல்லடையில் துரு. சில ஸ்கூட்டர்களில் எஞ்சின் இழுக்கும் காற்றில்தான் காக் திறக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

குண்டு. கார்ப்ரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாகக் கோடு போட்ட மாதிரி ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். செம்மண் மாதிரிப் பொடி படிந்தால் டேங்க் துரு. பிசுபிசுத்த மஞ்சள் திரவம் புளித்த வாடையோடு வந்தால் பெட்ரோல் கெட்டுப்போயிருக்கிறது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொரு குறிப்பு. காலையில் நன்றாகக் கிளம்பி, கும்பகோணம் வரை போய் டீ குடித்துவிட்டு வந்தால் சூட்டில் கிளம்ப மாட்டேன் என்கிற வண்டிக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. அது பெரும்பாலும் டேப்பெட் (வால்வு இடைவெளி) இறுகியதாகவோ காயில் சூட்டில் சோர்வதாகவோ இருக்கும்.

## ஏன் மழைக்காலத்தில் மட்டும்?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது அநேகமாக எல்லா பங்கிலும் அதுதான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கரைந்தே போய்விடும், வண்டிக்குத் தெரியாது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க் அடியில் இறங்கும். காக்கும் அடியில்தான் இருக்கிறது. அதனால் காலையில் முதலில் கார்ப்ரேட்டருக்குப் போவது அந்த அடுக்கு. அதில் எஞ்சின் கிளம்பாது.

தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் மூடி வழியாக. மூடியின் ரப்பர் வளையம் பத்து வருடத்தில் இறுகிவிடும். டேங்கோடு சமமாகப் பதிந்த மூடியுள்ள வண்டிகளில், மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். வைக்கோல் தூசும் சேறும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்று உள்ளே இறங்கும். ஊர்க் கடையில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனால் இன்னொரு வேலையும் செய்யும். பழைய வண்டிகளின் ஓ-ரிங், கேஸ்கெட், டியூப் ரப்பர்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊதும், சில வெடிப்பு விடும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். கார்ப்ரேட்டர் அதைத் தானாகக் கூட்டிக்கொள்ளாது. மார்கழிக் காலையில் சோக் இல்லாமல் எஞ்சின் அணையாமல் ஓட மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## வழி 1: கழுவி மாட்டுவது

சிங்கப்பூர், துபாய் என்று போய் வருடம் ஒரு தடவை வருகிறவர்களின் வண்டிக்கு இதுதான் முதல் வழி. பல மாதம் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக ஸ்லோ ஜெட்டில் (ஆக்ஸிலரேட்டர் தராதபோது பெட்ரோல் தரும் ஜெட்) ஒட்டிக்கொள்ளும். ஸ்லோ ஜெட் துளை மயிரிழைதான். அது அடைத்தால் சோக்கில் ஓடும், சோக்கை எடுத்தால் நிற்கும். ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் போகும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் கிட் வாங்கும் முன் கழுவிப் பாருங்கள்.

பெட்ரோலில் முக்கி பிரஷ்ஷால் தேய்ப்பது கழுவுதல் ஆகாது. பிசின் பெட்ரோலில் முழுக்கக் கரையாது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே வேண்டும். ஒவ்வொரு துளையிலும் அடித்து, மறுமுனையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துளையில் அடித்தது இன்னொன்றில் பீறிட்டு நேரே கண்ணில் விழும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று. ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் வட்டமாக வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. ஊக்கு, குண்டூசி போட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை ஒரு தடவை அகன்றால் மைலேஜ் போய்விடும். கரண்ட் ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி ஒன்று போதும்.

கலவைத் திருகை (ஐடிலிங்கில், அதாவது எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் திருகு) கழற்றும் முன் அதை மெல்ல உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் இருக்கும். மாட்டும்போது அதே சுற்று வெளியே எடுக்க வேண்டும். திருகோடு ஒரு ஸ்பிரிங், குட்டி வாஷர், அதைவிடக் குட்டியான ஓ-ரிங் வரும். அந்த ஓ-ரிங் துளைக்குள்ளேயே தங்கிவிடுவதும் கீழே விழுந்து தொலைவதும் தினசரி நடப்பது. அது இல்லாமல் மாட்டினால் வண்டி ஏர் எடுத்து (கசிவு வழியாக வெளிக்காற்றை இழுத்து) ஐடிலிங்கே நிற்காது.

மறைவான செலவு குண்டின் கேஸ்கெட். மாட்டியிருக்கும்வரை சரியாக இருக்கும். திறந்ததும் ஊதி நீண்டு, பள்ளத்தில் உட்கார மறுக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரித்துவிட்டு கேஸ்கெட்டுக்கு அலையாமல், முதலில் அதை வாங்கி வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

குண்டில் துருப்பொடி வந்த வண்டிக்கு இந்த வழி ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும்.

## வழி 2: பிரித்து ரிப்பேர் கிட் போடுவது

காக்கை மூட மறந்தால் இரவில் பெட்ரோல் ஒழுகுகிறது, காலையில் பிளக் நனைந்திருக்கிறது, வாசலில் வாடை அடிக்கிறது என்றால் அழுக்கைவிட ஃப்ளோட் ஊசி மேல்தான் சந்தேகம் போக வேண்டும். குண்டு நிறைந்ததும் ஃப்ளோட் என்னும் மிதவை ஏறி, இந்த ஊசியால் பெட்ரோல் வழியை மூடும். ஊசியைக் கழற்றி அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். வளையமாகக் கோடு விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அதற்கு முன் ஊசி உட்காரும் சீட்டைச் சோதியுங்கள். கிட் போடுவதா புதுசா என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. பல சின்ன வண்டிகளில் சீட் உடம்போடு அழுத்திப் பொருத்தியது, தனியாக மாற்ற முடியாது. புது ஊசியைப் போட்டு, கார்ப்ரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து ஃப்ளோட்டின் எடையிலேயே ஊசி மூடும்படி விடுங்கள். பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூப் செருகி வாயால் ஊதுங்கள். காற்று துளியும் போகக்கூடாது. புது ஊசியிலும் போனால் காது குடையும் பட்ஸில் கிளீனர் தொட்டு சீட்டைத் துடைத்து மறுபடி ஊதுங்கள். அப்போதும் போனால் சீட் போய்விட்டது, கிட்டுக்கு மேல் செலவழிக்காதீர்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டியும் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை. மிதக்காது, பெட்ரோலை நிறுத்தாது.

கிட் வாங்குவதில் ஒரு சிக்கல். விலை குறைந்த கிட்டில் ஊசி, கேஸ்கெட், ஓ-ரிங், ஜெட் எல்லாமே இருக்கும், ஜெட் நம்பர் மட்டும் உங்கள் வண்டியோடு ஒத்துவராது. ஜெட்டின் தலையிலோ பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் நம்பர் இருக்கும். ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒத்துவந்தால்கூட, யாரும் குத்தாத பழைய ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. பெட்ரோல் ஓடி ஜெட் தேய்வது மிக மெதுவாக நடப்பது. ரப்பரும் ஊசியும் புதுசு, பித்தளை பழசு என்பதே நல்ல சேர்க்கை.

மாட்டிய பிறகு ஐடிலிங் சரிசெய்யும்போது கலவைத் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பப் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பக் காற்று கூடி, பெட்ரோல் குறையும். இது தெரியாமல் திருப்பி, சரியான கார்ப்ரேட்டரைக் கெட்டுப்போனதாக முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர்.

மறைவான செலவு எஞ்சின் ஆயில். ஒழுகிய பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

## வழி 3: புது கார்ப்ரேட்டர்

இதற்குத் தகுதியான காரணம் மூன்றுதான். சீட் போயிருக்க வேண்டும். அல்லது ஸ்லைடு தேய்ந்திருக்க வேண்டும்: ஆக்ஸிலரேட்டர் கேபிளோடு ஏறி இறங்கும் அந்த உருளையைப் பட்டறைக்காரர்கள் பிஸ்டன் என்பார்கள், அது கட்டைவிரலால் ஆட்டினாலே கடகடவென்று ஆடும். அல்லது உள்துளைகளில் வெள்ளைப் பூ பூத்திருக்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்து வண்டிகளிலும் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளிலும் இந்த மூன்றாவது அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு உப்புத் தண்ணீர் குடித்த வண்டிகளைப் பிரித்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பொடி நன்றாகத் தெரியும். உலோகமே அரித்துப் பொடியானது அது. சுரண்டி எடுத்தால் துளை பெரிதாகும், விட்டால் அடைக்கும்.

வண்டிக் கம்பெனியின் அசல் கார்ப்ரேட்டரா, வேறு ஆட்கள் செய்து விற்கும் மார்க்கெட் கார்ப்ரேட்டரா? விலை பாதிக்கும் கீழே என்பதால் இரண்டாவது இழுக்கும். மாட்டினால் வண்டி கிளம்பவும் கிளம்பும். பிறகு ஒரு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 60 கொடுத்த வண்டி 55 கொடுத்தால், தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மாதம் 2 லிட்டர் போல் கூடும். ஒரு வருடத்திலேயே விலை வித்தியாசத்தைப் பெட்ரோலாகக் கொடுத்துவிடுவீர்கள். மாதம் நாலு தடவை வயலுக்குப் போய்வரும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு மார்க்கெட் கார்ப்ரேட்டர் தாராளமாகப் போதும்.

வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் கார்ப்ரேட்டர் மாறியிருக்கும். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், சோக் லீவர் எந்தப் பக்கம், வாய் அகலம், போல்ட் துளை இடைவெளி எல்லாம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்சர் போன்ற சில வண்டிகளில் கார்ப்ரேட்டரிலிருந்து ஒரு ஒயர் போகும். புதியதில் அது இல்லையென்றால் இழுவையில் வித்தியாசம் தெரியும். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் கார்ப்ரேட்டர் பற்றி ஒரே வார்த்தை: ஊதிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

## வழி 4: டேங்கைச் சரிசெய்வது

டேங்கைக் காலி செய்து டார்ச் அடித்துப் பாருங்கள், தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக்கூடாது. அடியில் காப்பிப்பொடி தூவிய மாதிரி இருந்தால் மற்ற மூன்று வழிகளையும் நிறுத்தி வையுங்கள். இந்தத் துரு இருக்கும்வரை இரண்டாயிரம் ரூபாய் கார்ப்ரேட்டரும் அடைக்கும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றுவது ஊரில் நடக்கிற வழக்கம். துருவோடு தகட்டையும் தின்னும், கழுவி வெயிலில் வைப்பதற்குள் புதுத்துரு பிடிக்கும், பெயிண்ட்டில் பட்டால் அதுவும் போகும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் மெதுவாக வேலை செய்யும், தகட்டை அவ்வளவாகத் தொடாது.

- காக், பெட்ரோல் மீட்டரின் மிதவை இரண்டையும் கழற்றி, துளைகளை ரப்பர் வைத்து அடைக்கவும்.
- சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை அலசவும். எண்ணெய்ப் பசை இருந்தால் அடுத்த வேலை நடக்காது.
- பெரிய துருவுக்கு ஒரு கை நட்டு அல்லது சின்னச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கி, எண்ணி வெளியே எடுக்கவும்.
- லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வீதம் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, கழுத்து வரை நிரப்பவும். பத்து லிட்டர் டேங்குக்கு முக்கால் கிலோ போதும். ஒரு இரவு நிற்கட்டும்.
- கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் கழுவி, உடனே கம்ப்ரஸர் காற்றால் காயவைக்கவும்.
- காய்ந்த கையோடு அரை லிட்டர் பெட்ரோலில் 50 மி.லி. 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து, உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி வடிக்கவும்.

புதுக் காக் போடுங்கள், பழையதன் சல்லடை கிழிந்திருக்கும். காவிரித் தண்ணீர் வயலில் பாயும் நேரமானாலும் சரி, காய்கிற நேரமானாலும் சரி, இந்த வேலைக்கு இரண்டு வெயில் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைவான செலவு: சில டேங்குகளில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே துருதான். கழுவியதும் ஒழுகும். பெட்ரோல் இருந்த டேங்கை, எவ்வளவு காலியாக இருந்தாலும், அப்படியே வெல்டிங் வைத்தால் வெடிக்கும். டேங்க் வேலை மட்டும் செய்கிற பட்டறையில் கொடுங்கள். அடி முழுக்கச் சல்லடையாக இருந்தால் புது டேங்க்.

## பக்கம் பக்கமாக

விலைகள் பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும்.

| வழி | செலவு, கூலியோடு (ரூ.) | வண்டி நிற்பது | எப்போது சரி | எப்போது வீண் |
|---|---|---|---|---|
| கழுவுதல் | 150–350 | அரை நாள் | நீண்ட நாள் நின்ற வண்டி, ஒழுகல் இல்லை | டேங்கில் துரு |
| ரிப்பேர் கிட் | 350–700 | ஒரு நாள் | ஒழுகல், சீட் நன்றாக இருக்கிறது | சீட், ஸ்லைடு தேய்ந்தது |
| மார்க்கெட் கார்ப்ரேட்டர் | 700–1,200 | சில மணி நேரம் | குறைந்த ஓட்டம், விற்கப்போகும் வண்டி | தினசரி நீண்ட ஓட்டம் |
| கம்பெனி கார்ப்ரேட்டர் | 2,000–3,200 | வரவழைக்கும் நாளைப் பொறுத்து | தேய்மானம் உறுதி, இன்னும் பல வருடம் ஓட்டுவது | டேங்கைப் பார்க்காத நிலை |
| டேங்க் சுத்தம், புதுக் காக் | 400–700 | 2 நாள் | குண்டில் துரு, தண்ணீர் | டேங்க் அடி சல்லடை |

டேங்கிலும் துரு, சீட்டும் தேய்வு என்றால் டேங்கை முதலில் முடியுங்கள். பழைய கார்ப்ரேட்டரோடே, நிறுத்தும்போதெல்லாம் காக்கை மூடி, ஒரு வாரம் ஓட்டி, வடிகாலில் வருவது சுத்தமான பிறகு புதியதை மாட்டுங்கள். அறுப்பு நேரத்தில் வண்டியை நிறுத்தவே முடியாது என்கிறவர், கழுவி மாட்டி, காக்குக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவில் ஒரு இன்லைன் ஃபில்டர் போட்டு இரண்டு வாரம் ஓட்டலாம். ஃபில்டர் எஞ்சின் ஹெட்டைத் தொடக்கூடாது, டியூப் மேலே வளைந்து இறங்கக்கூடாது. மாவு மாதிரித் துருவை அது நிறுத்தாது.

## எக்ஸ்.எல். சூப்பர் வைத்திருப்பவர்களுக்கு

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் டேங்கிலேயே ஆயில் கலப்பதால், நிற்கும்போது பெட்ரோல் பறந்து ஆயில் மட்டும் குண்டில் தங்கும். அதனால் கழுவும் வேலை அடிக்கடி வரும், அது நோய் இல்லை. கார்ப்ரேட்டர் சுத்தமாக இருந்தும் இழுக்காமல், கிளம்பாமல் இருந்தால் சைலன்சரைக் கழற்றி உதைத்துப் பாருங்கள். உடனே கிளம்பினால் சைலன்சர் உள்ளே கரி அடைத்திருக்கிறது. நெல் மூட்டை ஏற்றி மெதுவாகவே ஓடும் வண்டிகளில் இது சாதாரணம். இதற்குக் கார்ப்ரேட்டர் மாற்றியவர்களும் உண்டு.

## வேலை முடிந்த பிறகு

எந்த வழியாக இருந்தாலும் பழைய ஊசி, ஜெட், கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரை அதே நாளில் பாருங்கள். அறுப்பு மெஷின் பின்னால் போன வண்டியில் வைக்கோல் தூசு ஃபில்டரை அடைத்து, சோக் போட்டதுபோல் எப்போதும் பெட்ரோல் கூடுதலாகப் போகும். இந்த நிலையில் செய்த ட்யூனிங் ஃபில்டர் மாற்றியதும் தவறிவிடும்.

200 கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கைப் பாருங்கள். வெளிர் காப்பி நிறம் சரி. கறுத்துப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் இன்லெட் பைப்பில் (கார்ப்ரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) ஏர் எடுக்கிறது. ஐடிலிங்கில் விட்டு அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கை முழுக்க நிரப்பி, காக்கை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு, மிச்சத்தை வடிகால் திருகில் வடித்துவிடுங்கள். டேங்கில் வெற்றிடம் குறைந்தால் உள்ளே வரும் ஈரக் காற்றும் குறையும்.